இருநூற்றுப் பதினேழாம் பொட்டலம்

தங்கம் தேடும் துறையில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் காரியமாகத் தங்கள் உடம்பில் இருக்கிற தங்கத்தைக் கழற்றிவிட வேண்டும். மோதிரத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உதிர்ந்து மண் மாதிரியில் கலந்தாலும் போதும், இல்லாத தங்கத்தை இருப்பதாகச் சோதனைச்சாலை சொல்லிவிடும். அதனால் தினமும் காலை ஏழு மணிக்கு அலுவலக வாசலில் காவலாளி நின்றுகொண்டு, மண் எடுக்கப் போகிறவர்களை வரிசையில் நிறுத்தி விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்ப்பார். காதைத் திருப்பச் சொல்லிப் பார்ப்பார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்ப்பார். தங்கப் பல் கட்டியிருந்த ஓட்டுநர் ஒருவர், களத்தில் வாய் திறப்பதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்டார். துறையின் சட்டப் புத்தகத்தில் இந்த விதி 'களப்பணியாளர்கள்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அதிகாரிகளுக்கு வேறு தலைப்பு, அதில் இப்படி ஒன்றும் இல்லை.

இந்த வரிசையில் இருபத்திரண்டு வருஷமாக விரலை விரித்துக்கொண்டிருந்தவர் சலிப்பண்ணன். மண்ணைச் சலிக்கிறவர் என்பதால் வந்த பெயர். மற்றபடி எதற்கும் சலித்துக்கொள்ளாத மனிதர். காட்டிலும் மேட்டிலும் ஐம்பது மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுப்பார். அதை நிழலில் உலர்த்தி, மாவு சலிக்கிற சல்லடையைவிட நெருக்கமான சல்லடையில் சலித்து, காகிதப் பொட்டலத்தில் போட்டு எண் எழுதுவார். பொட்டலங்கள் சோதனைச்சாலைக்குப் போகும். ஒரு மாதம் கழித்து, நூறு கோடிப் பங்கு மண்ணில் எத்தனை பங்கு தங்கம் இருக்கிறது என்று பட்டியல் வரும். இரண்டு, மூன்று, இரண்டு, நான்கு என்று இருக்கும். ஒருமுறை ஒன்பது வந்தது. அன்று அலுவலகத்துக்கு அரைநாள் விடுமுறை விட்டார்கள்.

இவ்வளவு வருஷத்தில் துறை ஒரு குன்றிமணித் தங்கம்கூடக் கண்டுபிடித்ததில்லை. சலிப்பண்ணனுக்கு அது உறுத்தலாகவே இருந்தது. ஒருநாள் ஜீப்பில் போகும்போது அதைக் கள அதிகாரியிடம் கேட்டுவிட்டார். கள அதிகாரி அவர்மேல் பரிதாபப்பட்டார்.

"நமக்குத் தங்கம் வேணாம்யா, அறிகுறி வேணும். தங்கம் கிடைச்சுதுன்னா மறுநாளே சுரங்கத் துறைக்காரன் வந்து எடுத்துக்குவான், நம்ம துறையை இழுத்து மூடிடுவாங்க. அறிகுறி அப்படி இல்ல. அது இருக்கிற வரைக்கும் தேடிக்கிட்டே இருக்கலாம்."

சலிப்பண்ணன் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஊருக்கு வெளியே ஒரு வட்டாரத்தில் வேலை நடந்தது. வரைபடத்தில் கட்டம் போட்டபோது, இருநூற்றுப் பதினேழாவது புள்ளி சலிப்பண்ணனுடைய அக்காவின் தக்காளித் தோட்டத்தில் விழுந்தது. அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். கணவர் போன பிறகு அந்த ஒரு ஏக்கரைத் தனியாளாகக் கட்டி ஆண்டுகொண்டிருந்தாள். யாரையும் எளிதில் நம்பமாட்டாள். பொழுது விடிந்துவிட்டது என்று சேவல் சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வாள். புள்ளி விழுந்த செய்தியைச் சொன்னபோது, ஒரு குழிதானே, செடி சாயாமல் தோண்டு என்றாள்.

மற்ற இருநூற்றுப் பதினாறு மாதிரிகளையும் சலிப்பண்ணனே எடுத்தார். அந்த ஒன்றை எடுக்கும் பாக்கியம் அவருக்கு இல்லாமல் போனது. துறையின் ஆண்டறிக்கை அட்டைக்கு, இயக்குநர் மண்ணோடு நிற்கிற மாதிரி ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. அந்த வட்டாரத்திலேயே கார் போய் நிற்கிற இடம் அக்காவின் தோட்டம் ஒன்றுதான்.

இயக்குநர் வந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, வலது கையில் மூன்று மோதிரம், இடது கையில் ஒன்று. சலிப்பண்ணன் தோண்டி எடுத்து உலர்த்தி வைத்திருந்த மண்ணைச் சல்லடையில் கொட்டினார்கள். சல்லடையை ஆட்டத்தான் வேண்டும், கையால் தேய்க்கக் கூடாது. ஆட்டினால் படம் கலங்கலாக விழுகிறது என்று புகைப்படக்காரர் சொன்னதால், இயக்குநர் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பிசைந்தார். கம்பி வலைமேல் மோதிரங்கள் கரகரவென்று உரசுகிற சத்தம் சலிப்பண்ணனின் பல்லைக் கூச வைத்தது.

அவர் மெதுவாக, "சார், மோதிரம்..." என்றார்.

இயக்குநர் நிமிர்ந்து, இது என் மாமனார் போட்டது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மறுபடியும் பிசைந்தார். கள அதிகாரி பின்னால் இருந்து சலிப்பண்ணனின் முழங்கையைக் கிள்ளினார். பொட்டலம் கட்டப்பட்டது. பதிவேட்டில் 'மாதிரி எடுத்தவர்' என்ற இடத்தில் இயக்குநரே கையெழுத்துப் போட்டார். அதையும் படம் எடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு என்று வந்துகொண்டே இருந்து, இருநூற்றுப் பதினேழுக்கு நேரே ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்று நின்றது. அதற்கு நாலு பக்கமும் ஐம்பது மீட்டரில் எடுத்த மாதிரிகள் வழக்கம்போல மூன்றுதான்.

அலுவலகம் அன்று வேலை செய்யவில்லை. இயக்குநர் கூட்டம் கூட்டிப் பேசினார். "இருபத்திரண்டு வருஷமா ஆட்கள் தோண்டினாங்க. மூணு, நாலுன்னு வந்துச்சு. நான் ஒரே ஒரு தடவை கை வெச்சேன். இதுக்கு விஞ்ஞானத்துல பதில் இல்ல. நம்ம ஊர்ல இதைக் கைராசின்னு சொல்லுவாங்க" என்றார். விஞ்ஞானிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சலிப்பண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கள அதிகாரியிடம் போய், சார், அது மோதிரம் உரசின தங்கம், அதே இடத்தில் திரும்ப ஒரு மாதிரி எடுத்தால் தெரிந்துவிடும் என்றார். கள அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். மறுமாதிரி எடுக்க வேண்டுமானால் முதல் மாதிரி பிழையானது என்று சான்று வேண்டும். பிழை என்று சான்று கொடுக்க வேண்டுமானால் மாதிரி எடுத்தவர் விளக்கம் எழுதித் தர வேண்டும். மாதிரி எடுத்தவர் இயக்குநர். இயக்குநரிடம் விளக்கம் கேட்கும் அதிகாரம் உள்ளவர் துறையில் ஒரே ஒருவர்தான். அவரும் இயக்குநர்தான்.

"உங்களுக்குச் சந்தேகம்னா எழுத்துல கொடுங்க" என்றார் கள அதிகாரி.

சலிப்பண்ணன் வெள்ளை மனசோடு எழுதிக் கொடுத்தார். அங்கேதான் சனி பிடித்தது. அவருடைய மனு கண்காணிப்பு அதிகாரியின் மேஜைக்குப் போனது. கண்காணிப்பு அதிகாரி மெலிந்த மனிதர். எதையும் ஒரு கண்ணைச் சுருக்கித்தான் படிப்பார். அவர் மனுவில் இருந்த மோதிரத்தை விட்டுவிட்டு, நிலம் யாருடையது என்று தேடிப் பார்த்தார். மனு கொடுத்தவரின் சொந்த அக்காவுடையது. தங்கம் இருக்கிற நிலத்தில் தங்கம் இல்லை என்று நில உரிமையாளரின் தம்பி எழுதிக் கொடுப்பானேன்? அவர் ஒரு புதுக் கோப்பைத் திறந்தார்.

மறு வாரம் அக்காவின் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி ஏறியது. 'இங்குள்ள மண் துறைக்குச் சொந்தம்' என்று பலகை நட்டார்கள். செடி அக்காவுடையது, அதன் வேர் பிடித்துக்கொண்டிருக்கிற மண் மட்டும் அவளுடையது இல்லை என்று விளக்கினார்கள். அக்கா தோட்டத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம் வாசலில் போட்டிருந்த தட்டில் ஏறி நின்று காலைத் தட்ட வேண்டும். விழுகிற தூசியை ஒரு ஊழியர் தூரிகையால் கூட்டிப் பையில் போட்டு, 'இடது பாதம்', 'வலது பாதம்' என்று தனித்தனியாக எழுதி வைப்பார். பறித்த தக்காளியைக் கழுவிய பிறகுதான் கொண்டுபோகலாம். கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றக் கூடாது. பத்தே நாளில் அக்காவின் கொட்டகை முழுக்க அழுக்குத் தண்ணீர் பீப்பாய்களாக நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் அரக்கு முத்திரை. பிறகு பூமியில் துளை போடுகிற எந்திரம் ஒன்று லாரியில் வந்து வாசலில் நின்றது.

அக்காவுக்கு யார்மேல் கோபம் வர வேண்டுமோ அவர்கள்மேல் வரவில்லை. அதிகாரிகள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்பது அவளுடைய கணிப்பு. தம்பியைத்தான் அவள் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டாள். "நிஜத்தைச் சொல்லுடா. என் தோட்டத்துல தங்கம் இருக்கிறது உனக்கு எப்போ தெரியும்?"

இல்லவே இல்லை அக்கா, அது மோதிரம் என்று சலிப்பண்ணன் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு, அவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர்கள் மோதிரத்தைப் பார்த்து ஏமாந்து, ஒரு துளை போடுகிற எந்திரத்தையே லாரியில் ஏற்றி அனுப்புவார்களா, பொய் சொல்வதானாலும் பொருந்தச் சொல்லு என்றாள். யோசித்துப் பார்த்தால் சலிப்பண்ணனுக்கே அது பொய் மாதிரிதான் இருந்தது.

துளை எந்திரம் தக்காளிப் பாத்திகளின்மேல் ஏறி நின்றது. மூன்று துளை, ஒவ்வொன்றும் எண்பது மீட்டர் ஆழம். எந்திரம் பூமிக்குள் இருந்து கல்லை உருளை உருளையாக உருவிக்கொண்டு வந்தது. அந்தக் கல்தண்டுகளைப் பள்ளம் பள்ளமாக வகுத்த மரப்பெட்டிகளில் வரிசையாகப் படுக்க வைத்தார்கள். துளைக்காரர் ஒப்பந்தத்துக்கு வந்த ஆள், பழம் தின்று கொட்டை போட்டவர். நாலாவது பெட்டியைப் பார்த்ததுமே, அம்மி கொத்தத்தான் இந்தக் கல் ஆகும் என்று சலிப்பண்ணனின் காதில் சொன்னார். அதை மேலே சொல்லக் கூடாதா என்று கேட்டதற்கு, எனக்கு ஆழத்துக்குத்தான் கூலி, அபிப்பிராயத்துக்கு இல்லை என்றார்.

கல்தண்டுகளை நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைப் பொடித்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். தங்கம் இல்லை. மூன்று என்றோ இரண்டு என்றோகூட வரவில்லை. எண்ணுக்குப் பதில் வெறும் கோடு போட்டு அனுப்பிவிட்டார்கள்.

சலிப்பண்ணன் அன்று வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். வேலி போய்விடும், பலகை போய்விடும், அக்கா பேசுவாள் என்று நினைத்தார். அவர் தங்கத்தைப் பற்றி மட்டுமே யோசித்தவர். துறை வேறு விதமாக யோசித்தது. மேல்மண்ணில் தங்கம் இருந்ததற்கு இயக்குநரின் கையெழுத்தோடு ஆதாரம் இருக்கிறது. அடியில் துளைத்தபோது தங்கம் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம் ஓடியிருக்கிறது. அப்படியானால் தங்கத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள். காணாமல் போன தங்கம் கிடைக்கும் வரை நிலம் துறையின் காவலில் இருக்கும் என்று உத்தரவு வந்தது. அக்காவையும் இனி வேலிக்கு உள்ளே விடமாட்டார்கள். செடிகளில் தக்காளி பழுத்துக் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சலிப்பண்ணனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. சுவரில் ஓடாத கடிகாரம். கண்காணிப்பு அதிகாரி இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைக்கச் சொன்னார். ஒரு ஊழியர் வந்து, பத்து விரலின் நகக்கண்ணில் இருந்தும் அழுக்கைச் சுரண்டி எடுத்து, பத்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டினார். வெகு நாளாகப் பொட்டலம் கட்டுகிற சலிப்பண்ணன், இப்படிக் கட்டினால் மூலையில் சிந்தும், இன்னொரு மடிப்பு வேண்டும் என்று தன்னையறியாமல் சொல்லிக் கொடுத்தார். அதுவும் கோப்பில் ஏறியது. 'பொட்டலம் மறைத்துக் கட்டுவதில் தேர்ந்தவர்' என்று.

நகத்தழுக்கின் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. இரண்டு. கண்காணிப்பு அதிகாரி பட்டியலைப் பார்த்து, ரொம்பக் குறைவா இருக்கு, நல்லாக் கழுவியிருக்கார் என்றார்.

சலிப்பண்ணன், சார், அந்த மண்ணில் தங்கமே இல்லை என்று மறுபடியும் சொன்னார். கண்காணிப்பு அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் தடவையாக இரண்டு கண்ணையும் முழுதாகத் திறந்து அவரைப் பார்த்தார்.

"பாருங்க, நான் நியாயமா நடக்கிறவன். உங்களுக்கு ரெண்டு வழி கொடுக்கிறேன். தங்கம் இருந்துச்சுன்னா, நீங்க எடுத்துட்டீங்க. இல்லைன்னா, துறையை ஏமாத்த நீங்க போட்டிருக்கீங்க. எதுன்னு நீங்களே யோசிச்சு திங்கட்கிழமை சொல்லுங்க. உங்க வாயால வந்தாத்தான் எனக்கும் திருப்தி."

வேலை போனாலும் பரவாயில்லை, இரண்டில் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று நினைத்துத்தான் சலிப்பண்ணன் வெளியே வந்தார். போகிற வழியில் அக்காவின் தோட்டத்துப் பக்கம் போனார். அக்கா வேலிக்கு வெளியே, முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே, பழுத்துக் கனிந்த தக்காளிகள் தாமாக உதிர்ந்து தரையில் சிவப்பாகச் சிதறிக் கிடந்தன. அக்கா அவரைத் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நடவுக்கு நாற்று விட வேண்டிய நாள் நேற்றோடு போய்விட்டது என்று மட்டும் வேலியைப் பார்த்துச் சொன்னாள். வேலையைவிட இது பெரிது என்று சலிப்பண்ணனுக்கு அப்போதுதான் பட்டது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் சட்டப் புத்தகத்தைப் படித்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து படித்த ஊழியர் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருக்கும். எழுபத்தோராம் பக்கத்தில் அவர் தேடியது கிடைத்தது. மண் மாதிரிகளோடு கூடவே, கனிமம் இல்லை என்று முன்பே தெரிந்த இடத்து மண்ணையும் ஒரு பொட்டலம் அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் வெற்று மாதிரி. வெறும் மண்ணிலும் தங்கம் வந்துவிட்டால் எடுத்த முறையில் கோளாறு என்று பொருள். துறை ஆரம்பித்த நாளில் இருந்து யாரும் வெற்று மாதிரி அனுப்பியதாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் கண்காணிப்பு அதிகாரியிடம் போய், குற்றத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் எழுபத்தோராம் பக்கத்தைக் காட்டினார். கனிமம் இல்லை என்று தெரிந்த இடம் எது என்று அதிகாரி கேட்டார். சார், நம் அலுவலக முற்றம்தான் என்றார் சலிப்பண்ணன். கனிமம் உள்ள நிலத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்பதால், அலுவலகம் கட்டுவதற்கு முன்பு இந்த நிலத்தைச் சோதித்து, 'எவ்விதக் கனிமமும் இல்லை' என்று துறையே சான்றிதழ் கொடுத்திருந்தது. அது கண்ணாடிச் சட்டத்தில் வரவேற்பறையில் தொங்கியது. சரி, அந்த மாதிரியை எடுப்பது யார், உங்களை நம்ப முடியாதே என்றார் அதிகாரி. என்னை நம்ப வேண்டாம் சார், சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர் யாரோ அவரே எடுக்கட்டும் என்றார் சலிப்பண்ணன்.

கண்காணிப்பு அதிகாரி மனசுக்குள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். கள அதிகாரி? சந்தேகம். விஞ்ஞானிகள்? பெரிய சந்தேகம். தன்னைப் பற்றியும் ஒரு கணம் நினைத்துப் பார்த்து, அங்கேயும் ஒரு கண்ணைச் சுருக்கினார். கடைசியில் மிஞ்சியவர் இயக்குநர்தான்.

இயக்குநருக்கு மகிழ்ச்சி. புகைப்படக்காரரையும் கூப்பிட்டார்கள். முற்றத்தில் செடித்தொட்டிகளுக்கு நடுவே சலிப்பண்ணன் குழி தோண்டிக் கொடுத்தார். அவருடைய கையில் ஒன்றும் இல்லை என்று கண்காணிப்பு அதிகாரி இரண்டு முறை பார்த்தார். இயக்குநர் சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு, நாலு மோதிரமும் வலையில் உரச, பத்து நிமிஷம் பிசைந்தார். இந்தத் தடவை அந்தச் சத்தம் சலிப்பண்ணனுக்குச் சங்கீதமாகக் கேட்டது.

முடிவு வந்தது. இரண்டாயிரத்து நானூற்று அறுபது.

சலிப்பண்ணன் அன்று காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். இனி ஒரு குழந்தைக்குக்கூட விளங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. கூட்டத்தில் முதலில் கண்காணிப்பு அதிகாரி எழுந்தார். தக்காளித் தோட்டத்தில் இருந்து திருடப்பட்ட தங்கம் எங்கே போனது என்ற மர்மம் விலகிவிட்டது, திருடியவர்கள் அதை அலுவலக முற்றத்திலேயே புதைத்து வைத்திருக்கிறார்கள், ஆகவே திருடியவர் அலுவலகத்துக்குள் இருப்பவர் என்றார்.

இயக்குநர் அதை ஏற்கவில்லை. "ஊர் ஊரா அலைஞ்சோம், காடு மேடெல்லாம் தோண்டினோம். தங்கம் நம்ம நாற்காலிக்கு அடியிலேயே இருந்திருக்கு. நான் தினமும் பத்து மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் அதுமேலதான் உட்கார்ந்திருக்கேன். எனக்கு ஏன் அங்க உட்கார்ந்தா எழுந்திருக்கவே மனசு வரலைன்னு இப்போ விளங்குது" என்றார்.

இரண்டு கருத்துக்கும் ஆதரவு இருந்தது. இரண்டு மணி நேரம் வாதாடினார்கள். நடுவில் சலிப்பண்ணன் எழுந்து நின்று, வெற்று மாதிரியில் தங்கம் வந்தால் எடுத்த முறையில் கோளாறு என்று சட்டத்திலேயே இருக்கிறது, மோதிரத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள் என்று, எல்லோருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். கூட்டக் குறிப்பில் அந்த இடத்தில், 'களப்பணியாளர் ஒருவர் தம் மகிழ்ச்சியைத் தெரிவித்தார்' என்று இருக்கிறது.

கடைசியில் சமரசமாக ஒரு தீர்மானம் போட்டார்கள். முற்றத்தில் மேல் மூன்றடியில் இருப்பது திருட்டுத் தங்கம். மூன்றடிக்குக் கீழே இருப்பது இயற்கைத் தங்கம். மேலே இருப்பதைக் கண்காணிப்புப் பிரிவு தோண்டும், கீழே இருப்பதை ஆய்வுப் பிரிவு துளைக்கும். கனிமம் இல்லை என்று சொன்ன சான்றிதழை வரவேற்பறைச் சுவரில் இருந்து கழற்றினார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர் காலமாகிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்ததால், அவர் வீட்டு முகவரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

திருட்டுக்குச் சந்தேகப்படுபவர்களின் பட்டியலில் அலுவலகத்தின் நூற்று நாற்பது பேரும் சேர்க்கப்பட்டார்கள். சந்தேகம் இத்தனை பேருக்குப் பங்காகப் பிரிந்ததில், சலிப்பண்ணன் பங்குக்கு வந்தது சோதனைச்சாலைப் பட்டியலில் இரண்டு, மூன்று என்று வருமே, அந்த அளவுதான். அவர் மேலிருந்த தனிக் கோப்பை மூடிவிட்டார்கள். தங்கம் அக்காவின் நிலத்தில் இப்போது இல்லை என்று ஆகிவிட்டதால் வேலியையும் பலகையையும் பிடுங்கினார்கள். பாதத் தூசிப் பைகள் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, ஒப்புகைச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

உண்மையை நிரூபிக்கப் போனவருக்கு உண்மை கிடைக்கவில்லை. நிலம் கிடைத்தது. இதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று சலிப்பண்ணன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்.

அக்காவும் தம்பியுமாக, துளை எந்திரம் நசுக்கிய பாத்திகளைத் திருத்தினார்கள். காய்ந்த செடிகளைப் பிடுங்கி ஓரமாகக் குவித்தார்கள். காலம் தப்பினாலும் பரவாயில்லை, விலைக்கு நாற்று வாங்கி வைத்துவிடலாம் என்று அக்கா சொன்னாள். மத்தியானம் அவளே சோறு கொண்டுவந்து கொடுத்தாள். பழைய மாதிரி பேசினாள். இனிமேல் எதையும் மறைக்க வேண்டாம் என்று சலிப்பண்ணன் அலுவலகக் கூட்டத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். முற்றத்தில் நாளை முதல் துளை போடப் போகிறார்கள் என்பதையும் சொன்னார்.

அக்கா வாயில் வைக்கப்போன கவளத்தை அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவள் முகத்தில் வெகுநாள் கணக்கு ஒன்று நேரான மாதிரி ஒரு தெளிவு வந்தது.

"இப்போதான்டா எனக்குப் புரியுது. உள்ளூர்லயே எத்தனை நல்ல வேலை வந்துச்சு. உன் மாமா இருந்தப்போ அவரே ரெண்டு இடம் பார்த்துச் சொன்னாரு. ஒண்ணுக்கும் போகமாட்டேன்னுட்டே. இருபத்திரண்டு வருஷமா அந்த ஆபீஸையே சுத்திச் சுத்தி வந்தே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்க இருக்கிறது உனக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும், இல்ல?"

சலிப்பண்ணன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அவள் தன் தம்பியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சோற்றைப் பிசைந்தார். அக்கா இன்னொரு கரண்டி போட்டாள்.

மறுநாள் அலுவலக முற்றத்தில் துளை எந்திரம் நின்றது. செடித்தொட்டிகளை அப்புறப்படுத்தியிருந்தார்கள். கூட்டம் வட்டமாக நின்று, ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது. துளைக்காரர் எந்திரத்தை நிறுத்தி முதல் கல்தண்டை உருவி எடுத்தார். சாம்பல் நிறக் கல், சேறு வழிந்துகொண்டிருந்தது. அதை மரப்பெட்டியில் படுக்க வைத்துவிட்டு, சலிப்பண்ணனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

அதில் என்ன இருக்கும் என்று அந்த முற்றத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவர் சலிப்பண்ணன் ஒருவர்தான். அவர் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று உறுதியான பிறகு, பெட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சேற்றை விரலால் வழித்துவிட்டு, கல்லை உற்றுப் பார்த்தார்.